கால் உள்ளவன் நடக்கட்டும்

புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம். ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஆட்டோக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் முடிப்பதற்குள் அவர் ஐம்பது ரூபாய் ஏற்றிவிடுவார். ஊர் இன்னும் 'சென்ட்ரல்' என்றுதான் சொல்கிறது. ரயில்வே கம்ப்யூட்டர் ஊரைவிடப் பழைய ஆள். அதற்கு இந்த நிலையம் இன்றைக்கும் 'எம்.ஏ.எஸ்'தான், மதராஸே போய்விட்டது, குறியீடு போகவில்லை. டிக்கெட்டில் இடம் போதாததால் புரட்சியையும் தலைவரையும் டாக்டரையும் வழியில் இறக்கிவிட்டு, 'எம்ஜிஆர் சென்னை சிடிஎல்' என்று சுருக்கி அச்சடிக்கிறார்கள்.

2019 மார்ச் 6. வண்டலூர் பக்கத்தில் கிளாம்பாக்கத்தில் தேர்தல் கூட்டம். பிரதமர் மேடையிலேயே பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஏப்ரல் 5-ல் அரசாணை வந்துவிட்டது. ஏப்ரல் 18-ல் வாக்குப்பதிவு. முப்பதே நாள்! நிலம் எடுக்கவில்லை, வழக்கு வரவில்லை, ஒப்பந்ததாரர் ஓடவில்லை, மழை குறுக்கே வரவில்லை. ரயில்வே நினைத்தால் ஒரு வேலையைக் குறித்த காலத்தில் முடிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பெயிண்ட் டப்பா மட்டும் போதுமான வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எம்.ஜி.ஆர் மீது நமக்கு வழக்கில்லை. அவர் பெயரைப் பலகையில் ஏற்றியவர்கள் மீதுதான். அவர் ஒருவரோடு நிற்கவும் இல்லை. கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு 2018-ல் ஜெயலலிதா பெயர். 2020-ல் மெட்ரோவிலும் மூன்று நிலையங்களுக்கு நாமகரணம். சென்ட்ரலில் பச்சை வழி மெட்ரோ ஏறினால் எம்.ஜி.ஆரில் புறப்பட்டு, ஜெயலலிதாவைத் தாண்டி, ஆலந்தூரில் அறிஞர் அண்ணாவைக் கடந்து பரங்கிமலையில் இறங்கலாம். திராவிட இயக்க வரலாறு, ஏ.சி. வசதியுடன். வரிசைதான் கொஞ்சம் முன்னே பின்னே. ஆட்சி மாறியது. கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு முனையம் வந்தது. அந்தக் கலைஞரிடம் போக மட்டும் மெட்ரோ கிடையாது.

பலகை பார்த்தது போதும். கீழே பார்ப்போம்.

சென்ட்ரல் வாசலில் நின்றால் கூப்பிடு தூரத்தில் ஐந்து வகை ரயில். வெளியூர் ரயில் எதிரிலேயே. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் மின்ரயில் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில். கடற்கரை - தாம்பரம் ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பார்க் ஸ்டேஷனில். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் பார்க் டவுனில். மெட்ரோ பூமிக்கு அடியில். இப்படி ஒரு சந்திப்புக்கு மற்ற ஊர்கள் தவம் கிடக்கும். இங்கே ஐந்து ரயிலும் சந்திக்கின்றன. சந்திக்காதவர்கள் அவற்றைக் கட்டியவர்கள் மட்டும்தான்.

திருத்தணியிலிருந்து காலையில் வேலைக்கு வருகிற பெண் மூர் மார்க்கெட்டில் இறங்குகிறார். அவருக்குக் கிண்டி போக வேண்டும். படி இறங்கி, சுரங்கத்தில் நடந்து, படி ஏறி, பார்க் ஸ்டேஷன். நெல்லூரிலிருந்து வயதான அப்பாவை ஜி.எச்.சுக்கு அழைத்து வருகிறார் மகன். ஆஸ்பத்திரி எதிரே கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் பூந்தமல்லி நெடுஞ்சாலை. மறுபடி இறங்கு, மறுபடி ஏறு. இருதய நோயாளிக்கு 'ட்ரெட்மில்' சோதனை ரோட்டிலேயே இலவசமாக முடிந்துவிடும். மெட்ரோ வந்த பிறகு சுரங்கத்தில் வெளிச்சம் வந்தது, எஸ்கலேட்டரும் வந்தது. தூரம் குறையவில்லை. மூட்டையும் இளைக்கவில்லை.

இதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. அதிகாரிகளுக்குச் சரித்திரம் மிகவும் பிடிக்கும், பழியைச் சுமத்த வசதியாக இருப்பதால். வெள்ளைக்காரன் காலத்தில் சென்ட்ரல் ஒரு கம்பெனியின் சொத்து, எழும்பூர் இன்னொரு கம்பெனியின் சொத்து. இது அகலப் பாதை, அது மீட்டர் பாதை. இவன் வடக்கே, மேற்கே போனான். அவன் தெற்கே போனான். ஒருவன் பயணியை இன்னொருவன் வாசலில் கொண்டுபோய் விட வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை. கம்பெனிகளின் நியாயம் அது. 1951 ஏப்ரல் 14-ல் மூன்று ரயில் அமைப்புகளை ஒன்றாக்கித் தெற்கு ரயில்வே பிறந்தது. மீட்டர் பாதையும் போய்ச் சேர்ந்தது. எல்லாம் ஒன்றாகிவிட்டது, காகிதத்தில். மதுரையிலிருந்து டில்லி போகிறவர் இன்றைக்கும் எழும்பூரில் பெட்டியோடு இறங்கி, சென்ட்ரலுக்கு வேறு வண்டி தேடினால் யார் மீது குற்றம்? 1873-ல் சென்ட்ரலைக் கட்டிய ஜார்ஜ் ஹார்டிங் மீதாக இருக்கலாம். கல்லறைக்கு நோட்டீஸ் அனுப்பிப் பார்ப்போம்.

சரி, எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடைக்குள் கொண்டுவர ஓர் அமைப்பு வேண்டாமா? வந்ததே. சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010-ல் நிறைவேறியது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. பன்னிரண்டு ஆண்டு! குறிஞ்சி பூத்திருக்கும். பெயர் மாற்ற முப்பது நாள் எடுத்துக்கொண்ட அதே தேசம்தான். இடையில் இரண்டு கழகங்களும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தன. ஒருங்கிணைக்க வேண்டியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரத்தான் யாருக்கும் நேரமில்லை. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று ஒரு செயலி வந்தது. நல்லது. வரவேற்கிறோம். இனி ஒரே டிக்கெட்டில் நடக்கலாம்.

பறக்கும் ரயில் கதையைக் கேளுங்கள். 2023 ஆகஸ்ட் 27-ல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே அதை நிறுத்தினார்கள். கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை போட வேண்டுமாம். நாலே கால் கிலோமீட்டர் சொச்சம். ஏழு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொறுத்தோம். நமக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. 2024 அக்டோபர் 29-ல் ரயில் திரும்பியது. பதினான்கு மாதம். பிழை ஒன்றுமில்லை, இரண்டால் பெருக்க மறந்துவிட்டார்கள். அத்தனை மாதமும் சென்ட்ரலுக்கு எதிரே இருந்த பார்க் டவுன் நிலையம் பூட்டு. மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டைக்கு வேறு வழி தேடினார்கள். மாற்று ஏற்பாடு என்று பஸ்ஸைக் காட்டினார்கள். அந்தப் பஸ் வருகிற ரோட்டில் மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

அதே பறக்கும் ரயிலின் மறுமுனையில் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர். 2008-ல் வேலை தொடங்கியது. கடைசி ஐந்நூறு மீட்டர் நிலத் தகராறில் பத்தாண்டுக்கு மேல் அந்தரத்தில் தொங்கியது. தூண்கள் நின்றன. தூணுக்கு மேலே பாலம் நின்றது. பாலத்துக்கு மேலே ரயில் மட்டும் இல்லை. அதற்குள் பக்கத்திலேயே மெட்ரோவின் ஒரு முழுக் கட்டம் திட்டமிட்டு, தோண்டி, கட்டி, திறந்து, பெயரும் மாற்றிவிட்டார்கள்.

பஸ் பக்கம் வருவோம். ஒரு காலத்தில் வெளியூர் பஸ் பிராட்வேயில் புறப்பட்டது. சென்ட்ரலில் இறங்கியவர் கொஞ்சம் தெம்பிருந்தால் நடந்தே போவார். 2002-ல் பஸ் நிலையம் கோயம்பேடு போனது. நெரிசலாம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் போனது. மறுபடி நெரிசலாம். சென்ட்ரலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். இதே வேகத்தில் போனால் அடுத்த பஸ் நிலையம் திண்டிவனத்தில். அங்கே போக நமக்கு ஒரு பஸ் தேவைப்படும்.

கிளாம்பாக்கத்தைக் குறை சொல்ல முடியாது. 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 88 ஏக்கர். விமான நிலையம் போல இருக்கிறது என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். அங்கே இறங்கி ஊருக்குள் வர ஆகும் காசைப் பார்த்தால் அது உண்மைதான். முனையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் தண்டவாளம். நிமிடத்துக்கு நிமிடம் தாம்பரம் - செங்கல்பட்டு ரயில்கள் ஓடுகிற தண்டவாளம். ஆனால் பஸ் முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. கிளாம்பாக்கத்தில் ரயில் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டே போனது. ரயில் நிலையத்துக்கு மாநில அரசு கட்டிய தொகை 20 கோடி. 393 கோடிக்குப் பந்தல் போட்டவர்கள் 20 கோடி வாசற்படியை மறந்தார்கள். வேலையே 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. பிப்ரவரியில் நள்ளிரவில் பஸ் கிடைக்காமல் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சென்ட்ரலுக்குப் பெயர் வைத்த மேடையும் இதே கிளாம்பாக்கத்தில்தான் போட்டார்கள் என்பதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதமர் கூட்டத்துக்கு அன்றைக்கு ஆள் கொண்டுவர மட்டும் எப்படியோ வண்டி கிடைத்திருக்கிறது.

இனி ரயிலுக்குள். கோவையிலிருந்து வருகிறீர்கள். பெரம்பூர் தாண்டியாயிற்று. செருப்பைப் போட்டாயிற்று. சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாயிற்று. வாசலில் வரிசை நின்றாயிற்று. ரயில் நிற்கிறது. பேசின் பிரிட்ஜ். 'அவுட்டர்ல போட்டுட்டான்' என்கிறார் வரிசையில் ஒருவர். யார் போட்டான், ஏன் போட்டான் என்று யாரும் கேட்பதில்லை. சென்ட்ரல் முட்டுச்சந்து. உள்ளே போன ரயில் வந்த வழியேதான் வெளியே வர வேண்டும். வெளியூர் ரயில்களுக்குப் பன்னிரண்டு பிளாட்பாரம். அதிலும் ஒன்று, இடம் போதாமல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே செருகி '2ஏ' என்று எண் போட்டது. நான்காவது முனையத்துக்கு ராயபுரத்தைப் பாருங்கள் என்று வடசென்னை ஜனங்கள் எத்தனையோ ஆண்டாகக் கத்துகிறார்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். கட்டடம் நிற்கிறது, நிலமும் கிடக்கிறது. சாத்தியமில்லை என்கிறது ரயில்வே. நூற்று எழுபது ஆண்டுக்கு முன்னால் சாத்தியமாக இருந்தது.

அவுட்டரில் நின்ற ரயில் எப்படி 'சரியான நேரத்துக்கு' வந்து சேர்கிறது என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அட்டவணையைப் பாருங்கள். கடைசி சில கிலோமீட்டருக்கு மட்டும் தாராளமாக நிமிடங்கள் அள்ளிப் போட்டிருப்பார்கள். எக்ஸ்பிரஸ் ரயில் அங்கே மாட்டு வண்டியாகிவிடும், அட்டவணைப்படியே. தாமதத்தை ஒழிக்க இரண்டு வழி. ஒன்று, ரயிலை வேகமாக ஓட்டுவது. இன்னொன்று ரப்பரும் பென்சிலும் போதும்.

2023 பிப்ரவரி கடைசியில் இன்னொரு புதுமை. சென்ட்ரலில் இனி ஒலிபெருக்கி அறிவிப்பு கிடையாது, எல்லாம் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விமான நிலையத்து அமைதி வேண்டுமாம். பார்வையற்றவர்கள் என்ன செய்வார்கள்? படிக்கத் தெரியாதவர்கள்? எதிர்ப்புக் கிளம்பியது. சத்தம் திரும்பியது. திட்டம் போட்ட அறையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள்கூட இல்லையே என்பதுதான் வயிற்றைப் பிசைகிறது.

வந்தே பாரத் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பிறந்த குழந்தை. சென்ட்ரலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். 2019 பிப்ரவரி 15-ல் டில்லி - வாரணாசி ஓடியது. சொந்த ஊர்த் தண்டவாளத்தில் பயணிகளோடு ஓட 2022 நவம்பர் ஆயிற்று. மூன்றே முக்கால் ஆண்டு! செய்தவன் வாசலுக்குக் கடைசியில் வருவது இந்த நாட்டில் பழைய வழக்கம். நெய்தவனுக்குப் பட்டுச் சேலை எப்போது வந்தது? வந்த பிறகும் வழிமறித்து ஒரு கொடியசைப்பு. ரயில்வேயில் சிக்னலுக்கு அடுத்தபடி அதிகம் அசைவது அந்தப் பச்சைக் கொடிதான்.

கொடிக்குப் பணம் உண்டு. பாதைக்கு? சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூருக்குக் கடலோர ரயில் பாதை. 179 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினம் நசுங்குகிறவர்களுக்கு மாற்று. பட்ஜெட்டோடு வரும் பிங்க் புக்கில் இதற்கு ஆயிரம் ரூபாய் என்று போட்ட ஆண்டுகள் உண்டு. ஆயிரம் கோடி இல்லை, லட்சமும் இல்லை. ஆயிரம் ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் சொச்சம். அடையாளத் தொகை என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். திட்டம் செத்துவிடவில்லை என்று காட்டுவதற்காம். நாமும் அடையாளமாக வரி கட்டிவிட்டு வரலாமா?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகிற பெரும்பாலான ரயில்களைப் பாருங்கள். முன்பதிவில்லாப் பெட்டிகளை இரண்டு முனையிலும் மாட்டியிருப்பார்கள். ஒன்று எஞ்சினை ஒட்டி, இன்னொன்று வாலில். நடுவில் ஏ.சி. மோதினால் முதலில் நசுங்குவது முனைதான். இது எல்லோருக்கும் தெரியும், மாட்டுகிறவர்களுக்கும். திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உழைத்த வடக்கத்திப் பையன்கள் அந்தப் பெட்டியின் கழிப்பறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போகிறார்கள். இடம் போதவில்லை என்று ரயில்வேக்குத் தெரியாதா? தெரியும். கூடுதல் பொதுப் பெட்டிகள் சேர்ப்பதாக 2024-ல் அதுவே அறிவித்தது. இருக்கை இல்லாத டிக்கெட்டை விற்று, அதை ரத்து செய்ததற்கும் கட்டணம் பிடித்த வகையில் 2021 முதல் 2024 ஜனவரி வரை வந்த வருமானம் மட்டும் 1,229 கோடி ரூபாய். தகவல் உரிமைச் சட்டத்தில் ரயில்வேயே கொடுத்த கணக்கு. இல்லாத சரக்கை விற்று லாபம் பார்க்கிற கடை வேறு எங்காவது இருந்தால் போலீஸ் வரும்.

2023 ஜூன் 2. ஷாலிமாரிலிருந்து இதே சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிஷாவில் பாலசோர் அருகே பஹாநகாவில் பக்கத்துப் பாதைக்குள் திருப்பிவிடப்பட்டு, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. சிக்னல் ஒயரை மாற்றி இணைத்திருந்தார்கள் என்றது விசாரணை. 290-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் முன்பதிவில்லாப் பெட்டிக்காரர்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலையத்துக்கு ஒரு முழ நீளப் பெயர் உண்டு. அங்கே வந்து சேர வேண்டியவனுக்குப் பெயர் எழுத ஓர் இடம் இல்லை. நான்கு மாதம் புவனேசுவரத்தில் குளிர்பெட்டியில் கிடந்த 28 உடல்களை யாரும் உரிமை கோராமல், அக்டோபரில் மாநகராட்சியே எரித்தது.

அந்த விபத்துக்கு ஆறு மாதம் முன்பு, 2022 டிசம்பரில், தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. ரயில் தடம் புரள்வது பற்றியது. பாதுகாப்புக்கென்றே 2017-ல் ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஒரு நிதி அறிவித்தார்களே, அந்தப் பணம் எதற்கெல்லாம் போனது என்று அதில் விவரம் இருக்கிறது. பீங்கான் பாத்திரம். ஃபர்னிச்சர். குளிர்கால ஜாக்கெட். தோட்டம். கொடிக்கம்பம். பிறகு, கால் மசாஜ் செய்யும் கருவி.

கால் மசாஜ் கருவி. தண்டவாளத்தைப் பார்க்க ஒதுக்கிய பணத்தில்.

யாருக்கு அவ்வளவு கால் வலி? பார்க் ஸ்டேஷன் படி ஏறியவருக்கா, கிளாம்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்தவருக்கா, கோரமண்டல் கழிப்பறை வாசலில் நின்றவனுக்கா? ஏ.சி. காரில் வந்து, ஏ.சி. அறையில் உட்கார்ந்து, ஏ.சி. காரில் திரும்புகிற எந்தக் கனவானின் காலுக்கு அரசாங்கம் எண்ணெய் போட்டது? கருவியை வாங்கியது எந்த ஆபீஸோ, பணம் நம்முடையது. எனவே ஒரு விண்ணப்பம். அந்தக் கருவிகளில் ஒன்றை சென்ட்ரலுக்கு அனுப்பிவையுங்கள். 2ஏ பிளாட்பாரம் பக்கம் எங்காவது போட்டுவிடுங்கள். வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் உபயோகித்துக்கொள்கிறோம். பிளாட்பாரம் டிக்கெட் இல்லாமல் வர மாட்டோம். பத்து ரூபாய்தானே. பண்டிகைக் காலத்தில் நெரிசலைக் குறைக்க இருபதாக்குவீர்கள், அதையும் கொடுத்துவிடுகிறோம்.